பேசாத ஏடுகள்

"வயதாகிவிட்டது, போய்விட்டார்!" முதியவர் ஒருவர் மறைந்த வீட்டிலே நம் காதில் விழும் முதற்சொல் இது. இளைஞன் இறந்தால் 'ஏன்?' என்று கேட்கும் உலகம், குழந்தை இறந்தால் 'எப்படி?' என்று பதறும் உலகம், எண்பது வயது மூதாட்டி இறந்தால் எதையும் கேட்பதில்லை. வயதே விடையாகிவிடுகிறது. எமன் ஓலை விடுத்தான், சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டிக் கணக்கை முடித்தான் என்று புராணிகர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிய காலம் ஒன்று உண்டு. அந்த ஏட்டை நம்பாத அறிவுடையோர்கூட, முதியோர் சாவு என்றதும் கணக்குக் கேட்க மறந்துவிடுகின்றனர்.

மேலுலகத்து ஏடு கற்பனை. ஆனால் மண்ணுலகத்தில், ஊர்தோறும் ஓர் ஏடு இருக்கிறது. இறந்தவர் பெயர், வயது, நாள், இடம், காரணம் யாவும் அதிலே இருக்கின்றன. இந்த ஏடுகள் ஒன்றோடொன்று பேசினால் கொலைகாரன் அகப்படுவான். பேசாதிருந்தால் கொலையும் இயற்கைச் சாவாகப் புதைக்கப்படும், எரிக்கப்படும். இதை மெய்ப்பித்துக் காட்டியிருக்கிறது இங்கிலாந்து நாட்டின் வரலாறு. மெய்ப்பிக்க அந்நாடு கொடுத்த விலையோ பெரிது. அந்த வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

ஏடு பிறந்த கதையை முதலில் காண்போம். 1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், நாட்டிலுள்ள தேவாலயம் ஒவ்வொன்றும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டுமென ஆணையிட்டார். பிறகு கொள்ளை நோய்க்கு அஞ்சிய லண்டன் நகரம், வாரந்தோறும் சாவுப் பட்டியல் வெளியிடத் தொடங்கிற்று. எல்லோரும் அப்பட்டியலைப் படித்தனர்; பெருமூச்சு விட்டனர்; மறந்தனர். ஜான் கிரான்ட் என்ற வணிகர் மட்டும், பல்லாண்டுப் பட்டியல்களைத் திரட்டி, அடுக்கி, ஒப்பிட்டுப் பார்த்தார். எந்நோய் எத்தனை பேரைக் கொல்கிறது, எந்தப் பருவத்தில் சாவு மிகுகிறது என்று 1662இல் நூலாகவே எழுதினார். தனித்தனியே கிடந்தபோது ஊமையாயிருந்த தாள்கள், ஒன்று சேர்ந்ததும் பேசின!

1836இல் பாராளுமன்றம் சட்டமியற்றியது. 1837 ஜூலை முதல் நாள் தொடங்கி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பும் இறப்பும் அரசாங்க ஏட்டில் ஏறின. தலைமைப் பதிவகத்திலே அமர்ந்து, சாவுக்கான காரணங்களை வகைப்படுத்தும் முறையை வளர்த்தார் வில்லியம் ஃபார் என்ற மருத்துவர். அந்தப் பதிவேட்டின் ஆற்றல் 1854இல் வெளிப்பட்டது. லண்டன் சோஹோ பகுதியில் காலரா தலைவிரித்தாடிற்று. கெட்ட காற்றே காரணம் என்று கற்றோரும் நம்பிய நேரம் அது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், தலைமைப் பதிவகத்திடம் அந்த வாரத்து இறப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அவற்றுள் 83 சாவுகளை ஆராய்ந்தார். வீடு வீடாகச் சென்றார். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த தண்ணீர்க் குழாயை அடுத்து வாழ்ந்தவர்கள் எனக் கண்டார். குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அதே நோயை அம்மன் சீற்றமென்று கூழ் வார்த்துக் கும்பிட்டவர்கள் நாம். அங்கே, பதிவேட்டைப் பார்ப்பதற்கு ஒருவர் கேட்டார், பதிவகம் கொடுத்தது, உண்மை வெளிப்பட்டது.

நோயைப் பிடிக்க உதவிய ஏடு, கொலைகாரனைப் பிடிக்க உதவியதா? இங்கேதான் வரலாறு தடுமாறுகிறது.

1874ஆம் ஆண்டுச் சட்டம், இறுதியாக மருத்துவம் பார்த்த மருத்துவரே சாவின் காரணத்தைச் சான்றாக எழுதித் தர வேண்டும் என்றது. நல்ல சட்டந்தான். ஆயினும், இறந்தவர் உடலை நேரில் பார்த்த பிறகே சான்று எழுத வேண்டும் என்ற கட்டாயத்தை அது விதிக்கவில்லை. 1893இல் பாராளுமன்றக் குழுவொன்று இக்குறையை எடுத்துக்காட்டித் திருத்தம் கேட்டது. கேட்டவர் கேட்டனர், ஆள்வோர் செய்யவில்லை. ஒரே ஒருவரின் கையெழுத்து ஒரு மனிதரின் முடிவை முடித்து வைக்கும் என்ற நிலை, அதன் பிறகும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அந்த ஒருவரே கொலைகாரராயிருந்தால்? அப்படியொரு கேள்வியைக் கேட்பதே மருத்துவத் தொழிலுக்கு இழுக்கு என்று கருதினர்.

அந்தக் கேள்விக்கு விடையாக வந்தவன் ஹாரல்டு ஷிப்மன்.

மான்செஸ்டர் அருகே ஹைட் என்பது பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். உழைத்து ஓய்ந்த மக்கள் நிறைந்த ஊர். 1977இல் அங்கு மருத்துவராக வந்தான் ஷிப்மன். 1992இல் தனியே மருத்துவமனை நடத்தத் தொடங்கினான். வீட்டுக்கே வந்து பார்ப்பவர், கனிவாகப் பேசுபவர், பழங்கால மருத்துவர்களைப் போன்றவர் என்று ஊரே புகழ்ந்தது. அவனிடம் பெயர் பதிந்துகொள்ளக் காத்திருந்தனர் முதியோர். அவனோ, தனித்து வாழ்ந்த மூதாட்டியரின் வீட்டுக்குப் பிற்பகலிலே சென்று, டயாமார்பின் என்ற கடும் மருந்தை ஊசி வழியே ஏற்றிக் கொன்றான். நாற்காலியில் அமர்ந்தபடி, உடுத்திய உடையோடு, உறங்குவதுபோல் கிடந்தனர் அவர்கள். அவனே சான்று எழுதினான்: மாரடைப்பு, மூளையில் இரத்தக் கசிவு, அல்லது ஒரே சொல்லில் 'முதுமை'.

அவன் ஏடு ஏற்கெனவே கறைபட்டது. 1975இல், வேறோர் ஊரில் பணியாற்றியபோது, பெத்திடின் என்ற மருந்தைத் தன் பழக்கத்துக்காகப் பொய்ச் சீட்டெழுதிப் பெற்றது வெளிப்பட்டது. 1976இல் நீதிமன்றம் 600 பவுண்டு தண்டம் விதித்தது. மருத்துவக் கழகம் எச்சரித்ததோடு நின்றது. ஹைட் மக்களுக்கு இது தெரியாது. நீதிமன்றத்தின் ஏடு நீதிமன்றத்தோடு. மருத்துவக் கழகத்தின் ஏடு கழகத்தோடு!

சாவுகளின் ஏடுகளும் அப்படியே சிதறிக் கிடந்தன. பதிவாளரிடம் இறப்புச் சான்று இருந்தது. எரியூட்டும் நிலையத்திடம் எரியூட்டல் படிவம் இருந்தது. சுகாதார ஆணையத்திடம் நோயாளிகளின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வோர் இதழ். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நூலாகக் கட்டியவர் எவருமில்லை. எரியூட்டலுக்கு இரண்டாவது மருத்துவர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும் என்ற விதி இருந்தது உண்மை. இரண்டாமவர், முதலாமவன் சொன்னதைக் கேட்டுக் கையொப்பமிட்டார். படித்தவர் சொல்லைப் படித்தவர் ஐயுறுவதா? அந்த மரியாதையே கொலைகாரனுக்குக் கவசமாயிற்று.

அப்படியானால் ஐயுற்றவர் யார்? எளியவர்கள்! முதிய பெண்களைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், தம் வாடிக்கையாளர்கள் அடுத்தடுத்து இறப்பதைக் கண்டார். எல்லோரும் ஒரே மருத்துவரின் நோயாளிகள் என்பதையும் கண்டார். முதியோர் வீடுகளில் வேலை செய்த பெண்கள் முணுமுணுத்தனர். உடல்களை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் நிலையத்தார், எல்லாச் சாவுகளும் ஒரே சாயலில் இருப்பதை உணர்ந்தனர். ஓட்டுநருக்கோ நா எழவில்லை. மருத்துவருக்கு எதிராக ஓட்டுநரின் சொல் அம்பலம் ஏறுமா? உயர்ந்தவன் சொல் வேதம், தாழ்ந்தவன் சொல் வம்பு என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று; ஆங்கிலேயர் ஊரிலும் அது ஆட்சி செய்தது. அந்த எண்ணத்துக்கு உயிர்கள் பலியாயின.

1998 மார்ச்சில், ஷிப்மனின் மருத்துவமனைக்கு எதிரே பணியாற்றிய லிண்டா ரேனால்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் துணிந்தார். எதிர்மனையின் எரியூட்டல் படிவங்களில் இரண்டாவது கையொப்பம் இட்டுவந்தவர்கள் அவருடைய மனையின் மருத்துவர்களே. அவர்களுடைய பட்டியலில் இருந்த மக்கள் ஷிப்மனிடம் இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. சாவுகளோ அவனிடமே மிகுதி. அடக்க நிலையத்தாரின் ஐயமும் அவர் காதுக்கு எட்டியது. கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரியிடம் அவர் முறையிட்டார். காவல் துறையினர் கமுக்கமாக விசாரித்தனர். எப்படி விசாரித்தனர்? பதிவகத்திலிருந்து முழுமையான இறப்புப் பட்டியல் அவர்கள் கைக்கு வரவில்லை. வந்தது அரைகுறை, அதுவே முழுமை என்று கொண்டனர். ஷிப்மன்மீது பழைய குற்றத் தீர்ப்பு உண்டா என்று தம் சொந்த ஏட்டையே புரட்டவில்லை. அடக்கத்துக்குக் காத்திருந்த உடல்களைப் பிணப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஏப்ரலில் விசாரணை முடிந்தது: ஐயத்துக்கு இடமில்லையாம்!

அதன் பிறகு மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டனர். மூன்றாமவர், ஊரறிந்த பொதுத் தொண்டர், 81 வயதிலும் ஓடியாடிப் பணி செய்தவர். 1998 ஜூன் 24ஆம் நாள் இறந்தார். சாவின் காரணமாக ஷிப்மன் எழுதிய சொல் 'முதுமை'. அவருடைய சொத்து முழுவதும் தனக்கே என்று பொய் உயில் ஒன்றையும் ஆக்கியிருந்தான். இறந்தவரின் மகள் வழக்கறிஞர். தாயின் ஆவணங்களை அறிந்தவர். உயிலைக் கண்டதும் காவல் துறையை நாடினார். புதைத்த உடல் தோண்டி எடுக்கப்பட்டது, டயாமார்பின் கண்டறியப்பட்டது. செப்டம்பரில் ஷிப்மன் கைதானான்.

இங்கே சற்று நிற்போம். அவன் அகப்பட்டது எதனால்? பொய் உயிலால்! பேராசை எட்டிப் பார்த்திராவிட்டால், மகள் வழக்கறிஞராயில்லாவிட்டால், உடல் எரிக்கப்பட்டிருந்தால், இன்னும் எத்தனை மூதாட்டியர் 'முதுமை'யால் மாண்டிருப்பார்களோ! தற்செயலை நம்பி முதியோரின் உயிரை விட்டுவைத்திருந்தது, உலகை ஆண்ட ஒரு வல்லரசு.

2000ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், பிரெஸ்டன் நகர நீதிமன்றம் 15 கொலைகளுக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வழக்கிலே சாட்சி சொன்னவற்றுள் ஒன்று அவனுடைய கணிப்பொறி. கொன்ற பின், இறந்தவருக்கு முன்பே இதய நோய் இருந்ததாகப் பழைய தேதியிட்டுக் குறிப்புகளைப் புகுத்தியிருந்தான். எந்த நாள், எந்த நேரத்தில் அக்குறிப்பு உண்மையில் எழுதப்பட்டது என்பதைக் கணிப்பொறி தனக்குள்ளே குறித்து வைத்திருந்தது! அவன் எழுதிய ஏடு பொய் சொல்லிற்று. அவனறியாமல் எழுதப்பட்ட ஏடு மெய் சொல்லிற்று.

பிறகுதான் ஏடுகள் ஒன்று சேர்ந்தன. லெஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்டு பேக்கர், 1974 முதல் 1998 வரை ஷிப்மன் எழுதிய சான்றுகளைத் திரட்டினார். மொத்தம் 521. அதே வட்டாரத்தில், ஒத்த நிலையிலுள்ள மருத்துவர்களின் சான்றுகளை அருகே வைத்து ஒப்பிட்டார். வீட்டிலே நேர்ந்த சாவுகளில் மட்டும் 236 மிகுதி! பிற மருத்துவர்களின் நோயாளிகள் இரவும் பகலும் எந்நேரமும் இறந்தனர். ஷிப்மனின் நோயாளிகள் பிற்பகலில் குவிந்து இறந்தனர். பிற மருத்துவர் நோயாளியின் சாவு நேரத்தில் உடனிருந்தது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஷிப்மனோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் உடனிருந்தான். இவற்றைக் கண்டறியத் தேவைப்பட்டவை காகிதமும் கணக்குமே. புள்ளியியல் அறிஞர் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டரும் அவர் தோழர்களும் மேலும் ஆராய்ந்து, இத்தகைய ஒப்பீடு அக்காலத்திலேயே நடந்திருந்தால் 1980களின் நடுவிலேயே அபாய மணி அடித்திருக்கும் என்று காட்டினர்.

நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையார் தலைமையில் விசாரணை ஆணையம் அமர்ந்தது. 2002இல் வந்த முதல் அறிக்கை, 215 பேர் கொல்லப்பட்டது உறுதி என்றது: 171 பெண்கள், 44 ஆண்கள். 2005இல் வந்த இறுதி அறிக்கை, மொத்தம் 250 அளவில் இருக்கும் என மதிப்பிட்டது. ஷிப்மன் 2004இல் சிறையில் தூக்கிட்டு மாண்டான்; ஏன் செய்தான் என்று இறுதிவரை சொல்லவில்லை. அவன் ஏன் செய்தான் என்பதைவிட, நாடு ஏன் காணவில்லை என்ற கேள்வியே பெரிது.

அவன் ஒருவன் மட்டுமென்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அதே நாட்டில் காஸ்போர்ட் நகரப் போர் நினைவு மருத்துவமனையில், 1989 முதல் 2000 வரை, தேவையின்றிக் கொடுக்கப்பட்ட கடும் வலிநீக்கிகளால் 456 பேரின் வாழ்வு சுருங்கியது என்று 2018இல் தனிக்குழுவொன்று அறிவித்தது. ஜெர்மனியில் நீல்ஸ் ஹோகல் என்ற செவிலியன், 85 கொலைகளுக்காக 2019இல் தண்டிக்கப்பட்டான். ஒரு மருத்துவமனையில் அவன்மீது ஐயம் எழுந்தது. அது என்ன செய்தது? நற்சான்று கொடுத்து வெளியே அனுப்பிற்று! அடுத்த மருத்துவமனையில் கொலை தொடர்ந்தது. முதல் மருத்துவமனையின் கணக்கு இரண்டாவதற்குத் தெரிந்திருந்தால்?

சீர்திருத்தம் வந்ததா? வந்தது, ஆமை நடையில். சான்று எழுதும் மருத்துவர் ஒருவர், அதைச் சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற முறை வேண்டும் என்று 2003இல் ஆணையம் வற்புறுத்திற்று. 2009இல் சட்டம் பிறந்தது. 2024 செப்டம்பர் 9ஆம் நாள்தான், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கொரோனரிடம் போகாத ஒவ்வொரு சாவையும், தொடர்பற்ற மருத்துவ ஆய்வர் ஒருவர் இப்போது பார்க்கிறார். மருத்துவக் குறிப்பைப் படிக்கிறார். சான்று எழுதியவரிடம் வினவுகிறார். உறவினரிடம், 'உங்களுக்கு ஏதேனும் குறை உண்டா?' என்று கேட்கப்படுகிறது. அன்று அந்த ஓட்டுநருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் அடைபட்டிருந்த வாயில், இன்று குடும்பத்தாருக்கேனும் திறந்திருக்கிறது.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. மருத்துவர் எல்லோரையும் கொலைகாரராகப் பார்ப்பதா என்பர். வங்கியிலே கணக்குத் தணிக்கை நடக்கிறதே, காசாளர் எல்லோரும் திருடர் என்பதாலா? நேர்மையாளரின் நேர்மையை ஊரறியச் செய்வதும் தணிக்கையே. நோயாளியின் மறை செய்திகள் அம்பலமாகுமே என்பர். சாவுக் குறிப்பைச் சந்தியில் ஒட்டச் சொல்லவில்லை நாம். பதிவாளரும் மருத்துவ ஆய்வரும் காவல் துறையும், சட்டம் வகுத்த வரம்புக்குள், ஒருவர் ஏட்டை மற்றவர் காணட்டும் என்கிறோம். மறைவைக் காக்கும் விதி, செத்தவரின் மானத்தைக் காக்க வேண்டும். சாகடித்தவனின் தலையைக் காக்கக்கூடாது. இன்னும் ஒன்று சொல்வர்: ஐயத்துக்கு அஞ்சி, புற்றுநோயால் துடிக்கும் முதியவருக்கு வலிநீக்கி கொடுக்கவே மருத்துவர் தயங்குவாரே! இது மதிக்கத்தக்க மறுப்பு. ஆனால் அளவையும் காரணத்தையும் எழுதி வைத்துக் கொடுக்கும் மருத்துவருக்கு, அந்தக் குறிப்பேதான் கேடயம்.

ஆங்கில நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்போருக்கும் விடை கூற வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நம்மிடமும் இருக்கிறது. எனினும், 2020இல் இந்தியாவில் பதிவான சாவுகளில், மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. எஞ்சியவை? 'வயதாகிவிட்டது' என்பவை அவற்றிலே எத்தனையோ! அந்தச் சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கக்கூடும் என்பதைத் தமிழகம் அறியாததன்று. விருதுநகர் மாவட்டத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தலைக்கூத்தல் என்றொரு கொடிய வழக்கம் உண்டென்பது, 2010இல் ஏடுகள் வாயிலாக நாடறிந்த செய்தி. படுத்த படுக்கையான முதியவருக்கு விடியலில் எண்ணெய் முழுக்காட்டி, இளநீரைப் புகட்டி, சாவை வரவழைப்பது. மறுநாளோ மூன்றாம் நாளோ இறப்பார். அன்றே தீ மூட்டப்படும். ஏட்டிலே முதுமை என்றேறும். வறுமை அதற்கொரு காரணம் என்பதை மறுக்கவில்லை. பார்ப்பதற்கு ஆளும், பசிக்குச் சோறும், ஊரிலே மருத்துவமும் முதியோருக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அது நிறைவேறாமல் சட்டம் மட்டும் பேசிப் பயனில்லை. ஆனால் வறுமையைச் சொல்லிக் கொலைக்கு வழக்கம் என்று பெயர் சூட்டுவதைப் பகுத்தறிவு ஏற்காது.

2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பிறப்பு இறப்புப் பதிவுகளை நாடு முழுமைக்கும் ஒரே தரவுத்தளமாகத் திரட்ட வழி செய்யப்பட்டுள்ளது. கருவி கைக்கு வந்துவிட்டது. அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம்? வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கவும், பங்கீட்டு அட்டையிலிருந்து பெயர் அடிக்கவும் மட்டுந்தானா? எந்த ஊரில், எந்த இல்லத்தில், எந்த மருத்துவமனையில் முதியோர் சாவு அளவு மீறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அது பயன்பட வேண்டும். காரணம் எழுதாத சாவுக்குக் காரணம் கேட்கப்பட வேண்டும். உறவினரிடம் ஒரு கேள்வி, அண்டை வீட்டாரிடம் ஒரு கேள்வி, சான்று எழுதியவரிடம் ஒரு கேள்வி: இம்மூன்றையும் கேட்கும் அதிகாரி ஒருவர் வட்டந்தோறும் இருக்க வேண்டும்.

முதுமை ஒரு பருவம். இளமை எவரையும் கொல்வதில்லை என்றால், முதுமையும் எவரையும் கொல்வதில்லை. கொல்வது நோய்; கொல்வது புறக்கணிப்பு; சில வேளை, கொல்வது மனிதன். எது என்று கேட்கும் உரிமை எண்பது வயதில் காலாவதி ஆவதில்லை. எழுபதாண்டு உழைத்து இந்தச் சமுதாயத்தைத் தாங்கியவர்களுக்கு, அவர்கள் சாவின் காரணத்தையேனும் உண்மையாக எழுதித் தருவது நாம் பட்ட கடன். பதிவகத்தில் தூங்கும் ஏடுகளைத் தட்டி எழுப்புவோம். ஒன்றோடொன்று பேசச் செய்வோம். "வயதாகிவிட்டது" என்று இனி எவரேனும் சொல்லும்போது, "சரி, காரணம் என்ன?" என்று கேட்கப் பழகுவோம்!